15 வருடப் பழைய காரில் ஸ்டெப்னி மாற்றும்போது நட்டு அசையவே இல்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

ஏரிக்கரை_சான்ட்ரோ
ஞாயிறு, இரவு 9.20

வணக்கம். நான் தாம்பரம் பக்கம். போன வருடம் 2009 மாடல் சான்ட்ரோ ஜிங் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். நான் மூன்றாவது ஓனர். எஞ்சின் நன்றாக இருக்கிறது, ஏசி குளிர்கிறது, அதனால் சந்தோஷமாகவே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

நேற்று காலை அம்மாவையும் எட்டு வயது மகனையும் கூட்டிக்கொண்டு விழுப்புரத்தில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குக் கிளம்பினேன். அச்சரப்பாக்கம் தாண்டி, ஆத்தூர் சுங்கச்சாவடிக்கு முன்னால் வண்டியின் பின்பக்கம் வாலாட்டுவது போல ஆடியது. அப்புறம் டப டப என்று சத்தம். இடது ஓரம் ஒதுக்கி இறங்கிப் பார்த்தால் வலது பின் டயரில் துளிக் காற்று இல்லை.

ஸ்டெப்னி மாற்றுவது எப்படி என்று எனக்குத் தெரியும். ஓட்டுநர் பயிற்சியில் ஒரு முறை காட்டினார்கள். ஆனால் அங்கே கற்றுக்கொண்ட எதுவும் இங்கே நடக்கவில்லை. வீல் கப்பை யாரோ நான்கு பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டியிருந்தார்கள், அறுக்கக் கத்தி இல்லை. மகனின் ஜாமெட்ரி பாக்ஸில் இருந்த கத்திரிக்கோலால் ஒவ்வொன்றாகக் கடித்துக் கடித்து எடுத்தேன். நட்டு நான்கும் அசையவில்லை. ஸ்பேனர் மேல் ஏறி நின்றேன், குதித்தும் பார்த்தேன், அசையவில்லை. பின்னால் வந்த ஒரு லாரி டிரைவர் அண்ணன் நிறுத்தி, தன் வண்டியில் இருந்த இரும்புக் குழாயை ஸ்பேனரில் மாட்டி இழுத்தார். கீச்ச்ச் என்று ஒரு சத்தம், நான் நட்டு உடைந்தது என்றே நினைத்தேன். கழன்றது.

நட்டு நான்கும் கையில் வந்த பிறகும் வீல் வரவில்லை. ஒட்டிக்கொண்டது மாதிரி நின்றது. அண்ணன் தரையில் உட்கார்ந்து குதிகாலால் டயரின் இடப்பக்கமும் வலப்பக்கமும் மாற்றி மாற்றி உதைத்தார். அதன்பிறகுதான் வந்தது. ஜாக்கி ஏற்றும்போது கதவுக்குக் கீழே கறக் என்று ஒரு சத்தம் வந்து துருத் தூள் கொட்டியது. கடைசியில் ஸ்டெப்னியைப் பார்த்தால் அதிலும் பாதிக் காற்றுதான். 40க்கு மேல் போகாமல் உருட்டிக்கொண்டு போய்க் காற்று அடித்தேன்.

மொத்தம் ஒன்றரை மணி நேரம். அந்த அண்ணன் வராவிட்டால் என்ன செய்திருப்பேன் என்று நினைத்து நேற்று இரவு தூங்கவில்லை. நட்டு ஏன் இப்படி இறுகியிருந்தது? அந்தக் கறக் சத்தம் என்ன? இதை நான் தனியாகச் செய்ய முடியுமா, இல்லை பழைய வண்டி என்றால் இப்படித்தானா?

*

மாமரத்து_நிழல்
ஞாயிறு, இரவு 9.41

எல்லோரும் பத்திரமாக இருக்கிறீர்களே, அது போதும். ஒன்று கேட்கிறேன். டயர் மாற்றும்போது அம்மாவும் பையனும் எங்கே இருந்தார்கள்?

*

ஏரிக்கரை_சான்ட்ரோ
ஞாயிறு, இரவு 9.44

வெயில் அதிகம் என்று காருக்குள்ளேயே உட்காரச் சொன்னேன். அம்மாவுக்கு முழங்கால் வலி.

*

மாமரத்து_நிழல்
ஞாயிறு, இரவு 9.58

சகோதரி, மனது கஷ்டப்படக் கூடாது. ஆனால் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. இனிமேல் ஒருபோதும் அப்படிச் செய்யாதீர்கள். ஜாக்கி மேல் நிற்கும் வண்டிக்குள் ஆள் அசைந்தாலே வண்டி சரியலாம். அதைவிடப் பெரிய ஆபத்து பின்னால் வரும் வண்டி. நெடுஞ்சாலையில் ஓரம் நிற்கும் வண்டியில் லாரி மோதியது என்ற செய்தி எத்தனை முறை படித்திருக்கிறோம். அம்மாவைக் கையைப் பிடித்து இறக்கி, சாலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம், வண்டிக்குச் சற்றுத் தள்ளி, வண்டி வரும் திசையைப் பார்த்தபடி உட்கார வைக்க வேண்டும். ஒரு மடக்கு ஸ்டூலும் குடையும் டிக்கியில் போட்டு வையுங்கள். வெயிலுக்கு அதுதான் மருந்து.

உங்களுக்குப் பஞ்சரானது வலது பக்கம். நம் ஊரில் இடது ஓரம் நிறுத்தினால் வலது டயர் போக்குவரத்தைப் பார்த்துத்தான் இருக்கும். போகிற வண்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்த வேண்டிய நிலை. அந்த மாதிரி நேரத்தில் டயர் போனால் போகட்டும் என்று 10 கிலோமீட்டர் வேகத்தில் உருட்டியே அடுத்த பெட்ரோல் பங்க், தாபா, சர்வீஸ் ரோடு எது கிடைக்கிறதோ அங்கே கொண்டுபோய்விடுங்கள். டயர் கிழியும், ரிம் கூட வளையும். வளைந்தால் வாங்கிக்கொள்ளலாம்.

தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033க்குப் போன் செய்யலாம். ரோந்து வண்டி வந்து பின்னால் கூம்பு வைத்து நின்றாலே பாதி பயம் போய்விடும்.

*

டிப்போ_ஐயா
திங்கள், காலை 6.15

அம்மா, நான் அரசுப் போக்குவரத்துக் கழக டிப்போவில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பஸ் சக்கரம் கழற்றி மாட்டியே கை காய்த்தது. உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

நட்டு இறுகுவதற்கு இரண்டு காரணம். ஒன்று, டயர் கடையில் நட்டை முறுக்கும் காற்றுத் துப்பாக்கி வைத்து அடிப்பது. டர்ர்ர் என்று சத்தம் நிற்கும் வரை அடித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்கள். இரண்டு, துரு. மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து வருடக்கணக்கில் திறக்காமல் கிடந்தால் மரையும் நட்டும் ஒன்றாகிவிடும். உங்கள் வண்டியில் இரண்டும் சேர்ந்திருக்கிறது.

எவ்வளவு இறுக்கம் சரி என்று கேட்டால், உங்கள் சான்ட்ரோவுக்குக் கம்பெனி சொல்வது 9 முதல் 11 கிலோகிராம்-மீட்டர் முறுக்கு. அதாவது ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 9 முதல் 11 கிலோவைத் தொங்கவிட்டால் வரும் முறுக்கு. நம் கையில் இருக்கும் எல் ஸ்பேனர் ஓர் அடி நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 30 சென்டிமீட்டர். அதன் நுனியில் 30 முதல் 37 கிலோ அழுத்தினால் போதும். 60 கிலோ ஆள் அதே நுனியில் ஏறி நின்றால் 18 கிலோகிராம்-மீட்டர் ஆகிவிடுகிறது. அதற்கும் உங்கள் நட்டு அசையவில்லை என்றால் எத்தனை முறுக்கில் அடித்திருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே கழற்றும்போது காலைப் பயன்படுத்தலாம், பூட்டும்போது கையை மட்டும்தான் பயன்படுத்த வேண்டும். நுனியைப் பிடித்து, உடம்பின் மேல்பாதி எடையைக் கொடுத்து அழுத்தினால் சரியாக இருக்கும். பூட்டும்போது ஏறி மிதிக்கிற பழக்கத்தால்தான் அடுத்த பஞ்சரில் அழுகை.

ஏறி மிதிக்கும்போது குதிக்கக் கூடாது. ஸ்பேனர் நழுவினால் கால் சறுக்கி முழங்காலில் அடிபடும், நட்டு முனையும் மழுங்கும். ஸ்பேனரை இடப்பக்கம் நீட்டிக்கொண்டு, தரைக்கு இணையாக இருக்கும்படி மாட்டி, வண்டியில் கை ஊன்றி, மெதுவாக எடையைக் கொடுங்கள். வீல் தரையில் இருக்கும்போதே நான்கையும் அரைச் சுற்றுத் தளர்த்தி வைத்துவிட்டுப் பிறகு ஜாக்கியை ஏற்றுங்கள். தூக்கிய பிறகு இழுத்தால் வண்டி ஜாக்கியை விட்டு இறங்கிவிடும்.

இரண்டடி நீளத்தில் இரும்புக் குழாய் ஒன்று, உங்கள் ஸ்பேனர் தண்டு நுழைகிற அளவில், பழைய இரும்புக் கடையில் வாங்கி ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் போட்டு வையுங்கள். நீளம் இரட்டிப்பானால் பலம் இரட்டிப்பு. அந்த லாரி டிரைவர் தம்பி செய்தது அதைத்தான். நல்ல மனிதர்.

*

கோத்தகிரி_800
திங்கள், காலை 8.30

டிப்போ ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். என்னிடம் 1999 மாருதி 800 இருந்தது. மேட்டுப்பாளையத்தில் இருந்து கோத்தகிரி ஏறும் வழியில் இடது முன் டயர் பஞ்சர். ஹேண்ட் பிரேக் போட்டேன், முதல் கியரிலும் போட்டேன். இரண்டு பூட்டு போட்டாயிற்று என்ற நம்பிக்கையில் ஜாக்கியை ஏற்றினேன். டயர் தரையை விட்டு விரல் அகலம் எழும்பியதும் வண்டி மெதுவாகப் பின்னால் நகர ஆரம்பித்தது. ஜாக்கி சாய்ந்து மடங்கியது. நல்லவேளை வீல் இன்னும் கழற்றவில்லை, என் கையும் அடியில் இல்லை. மூன்றடி உருண்டு பாறையில் முட்டி நின்றது.

ஏன் இப்படி ஆனது என்று பிறகு ஒரு மெக்கானிக் எனக்குத் தரையில் கோடு போட்டுக் காட்டினார். அதை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் நிறைய பேருக்கு இது தெரியவில்லை.

நம் சின்னக் கார்களில் எஞ்சின் பலம் முன் சக்கரத்துக்குப் போகிறது. ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தை மட்டும் பிடிக்கும். கியரில் போட்டால் முன் சக்கரம் பூட்டிக்கொள்ளும் என்று நினைக்கிறோம். இரண்டு முன் சக்கரமும் தரையில் இருக்கும் வரை அது உண்மை. நடுவில் டிஃபரன்ஷியல் இருக்கிறது, இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரப் பெட்டி. ஒரு முன் சக்கரத்தைத் தூக்கிவிட்டால், தரையில் இருக்கும் சக்கரம் ஒரு பக்கம் உருள, தூக்கியது காற்றில் எதிர்ப்பக்கம் சுற்றிக்கொடுத்துவிடும். கியர் போட்டதால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அப்போது வண்டியைப் பிடித்து நிறுத்துவது ஹேண்ட் பிரேக் ஒன்றுதான். பழைய வண்டியில் ஹேண்ட் பிரேக் கேபிள் இழுபட்டுத் தொளதொளத்துக் கிடக்கும். என் வண்டியில் அப்படித்தான்.

பின் சக்கரத்தைத் தூக்கினால் கதை வேறு. முன் இரண்டும் தரையில், அதனால் கியர் பிடிக்கும். ஹேண்ட் பிரேக் மீதமுள்ள ஒரு பின் சக்கரத்தை மட்டும் பிடிக்கும்.

எனவே கல் வைக்காமல் ஜாக்கியைத் தொடாதீர்கள். தூக்கப்போகும் சக்கரத்துக்கு மூலைவிட்டத்தில் இருக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும். சரிவு என்றால் இறக்கம் இருக்கும் பக்கம் பெரிய கல். உருண்டைக் கல் வேண்டாம், சப்பையாக, ஆப்பு மாதிரி இருப்பது நல்லது. நான் இப்போது இரண்டு மர ஆப்பு செய்து வைத்திருக்கிறேன். தச்சரிடம் சொன்னால் மீதிக் கட்டையிலேயே அறுத்துக் கொடுத்துவிடுவார்.

*

ஏரிக்கரை_சான்ட்ரோ
திங்கள், காலை 9.05

நான் கல்லே வைக்கவில்லை. பின் சக்கரம் என்பதால்தான் தப்பித்திருக்கிறேன் போல. படித்ததும் கை நடுங்குகிறது.

*

பஞ்சர்கடைப்_பையன்
திங்கள், மதியம் 2.10

அக்கா, எங்கள் அப்பா 20 வருடமாகப் பஞ்சர் கடை வைத்திருக்கிறார், நானும் கூடவே. காற்றுத் துப்பாக்கி பற்றி ஐயா சொன்னது உண்மைதான், எங்கள் கடையில் கடைசி முறுக்கு கையால்தான். நீங்கள் எந்தக் கடைக்குப் போனாலும் “கடைசியில் கையால் டைட் பண்ணுங்க அண்ணா” என்று கேளுங்கள். யாரும் கோபப்பட மாட்டார்கள்.

ஸ்டெப்னிக்கு வருகிறேன். டயரின் பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று ஆரம்பிக்கும் ஒரு வரிசை இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 1709 என்று இருந்தால் 2009ஆம் வருடத்தின் 17ஆவது வாரம் செய்தது. சில டயரில் ஒரு பக்கம்தான் அந்த எண் இருக்கும், உள்பக்கம் திரும்பியிருந்தால் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

பழைய வண்டியில் ஸ்டெப்னியைப் பார்த்து நிறைய பேர் ஏமாந்துபோகிறார்கள். பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர் மேடு, தேயாமல் புதுசு போலவே இருக்கும். டிக்கிக்குள் இருட்டில் கிடந்ததால் தேயவில்லை, அவ்வளவுதான். ரப்பருக்கு வயது ஆகிவிட்டது. பக்கச் சுவரைக் கட்டைவிரலால் அழுத்தி விரித்தால் முடி போல வெடிப்பு தெரியும். 10 வருடம் தாண்டிய டயரை, பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடச் சொல்லி டயர் கம்பெனிகளே சொல்கின்றன. பட்டன் உயரம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்ற கணக்கு தனி. வயது தனி.

காற்று குறைந்ததும் இயல்புதான். ஓடாமல் சும்மா கிடந்தாலே மாதம் ஒன்று, இரண்டு பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) குறையும். ஒரு வருடம் பார்க்காமல் விட்டால் 30 இருந்தது 15க்கு வந்துவிடும். ரிம் விளிம்பில் துரு இருந்தாலோ வால்வு ரப்பர் வெடித்திருந்தாலோ இன்னும் சீக்கிரம். எச்சில் தொட்டு வால்வு வாயில் வைத்துப் பாருங்கள், குமிழி வந்தால் உள்ளே இருக்கும் பின்னை மாற்ற வேண்டும். சின்ன வேலை.

மாதம் ஒரு முறை காற்று அடிக்கப் போகும்போது டிக்கியைத் திறந்து ஐந்தாவது டயருக்கும் அடிக்கச் சொல்லுங்கள். எங்கள் கடைக்கு வருபவர்களில் அப்படிக் கேட்பவர்களைக் கண்டால் அப்பாவுக்கு ரொம்பப் பிடிக்கும்.

*

நகரப்பேருந்து
திங்கள், மாலை 5.30

இத்தனை சிரமம் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. கையடக்கக் காற்றுப் பம்ப் கிடைக்கிறது, சிகரெட் லைட்டர் குழியில் மாட்டினால் ஓடும். புதிய கார்கள் பலவற்றில் ஸ்டெப்னியே வருவதில்லை. 2020இல் மத்திய அரசு விதியையே திருத்திவிட்டது. டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தம் காட்டும் கருவியும், பஞ்சர் ஒட்டும் பெட்டியும் இருந்தால் சின்ன வண்டிக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. சாலையோர உதவிக்குச் சந்தா கட்டினால் ஆள் வந்து மாற்றிக் கொடுக்கிறார். ஒரு பெண் தனியாக நெடுஞ்சாலையில் ஜாக்கியோடு போராட வேண்டுமா?

*

பஞ்சர்கடைப்_பையன்
திங்கள், மாலை 6.02

அண்ணா, பம்ப் வைத்திருப்பது நல்லதுதான், நானும் வாங்கச் சொல்வேன். ஆணி குத்தி மெதுவாக இறங்குகிற டயருக்கு அது போதும். ஆணியைப் பிடுங்காமல் காற்று அடித்துக் கடை வரை வந்துவிடலாம். ஆனால் பக்கச் சுவர் கிழிந்தால் பம்ப் உதவாது, குச்சி வைத்து ஒட்டவும் முடியாது. பள்ளத்தில் இறங்கி ரிம் நெளிந்தாலும் அப்படியே. பழைய வண்டியில் பழைய டயர், அது ஆணி குத்தாமலேயே வெடிக்கும். அந்த விதியும் அந்த மூன்றும் இருக்கிற வண்டிக்குத்தான். அக்காவின் வண்டியில் காற்றழுத்தக் கருவி ஏது?

*

ஏரிக்கரை_சான்ட்ரோ
திங்கள், இரவு 8.50

நகரப்பேருந்து அண்ணா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும். உதவிக்கு ஆள் வர ஒரு மணி நேரம் ஆகலாம், இரவில் ஒரு மணி நேரம் நிற்பதைவிடப் பத்து நிமிடத்தில் மாற்றிவிட்டுக் கிளம்புவதுதான் எனக்கு நிம்மதி. சந்தாவும் கட்டிக்கொள்கிறேன், கையையும் பழக்கிக்கொள்கிறேன்.

பஞ்சர்கடைத் தம்பி, எண் பார்த்தேன். 2209. வண்டியோடு வந்த டயர். நாளைக்கே மாற்றுகிறேன்.

*

வடசென்னை_டிங்கர்
செவ்வாய், காலை 7.40

அந்தக் கறக் சத்தத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். முப்பது வருடமாக டிங்கரிங் வேலை, வண்டியின் தகடு வேலை.

கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் மடிப்பு ஒன்று இருக்கும், இரண்டு தகடு சேர்ந்து ஒட்டிய விளிம்பு. முன் சக்கரத்துக்குப் பின்னாலும் பின் சக்கரத்துக்கு முன்னாலும் அதில் சின்ன வெட்டு இருக்கும். அந்த வெட்டுகளுக்கு நடுவில்தான் ஜாக்கியின் தலை உட்கார வேண்டும். கம்பெனி அந்த இடத்தை மட்டும் தடிப்பாக வைத்திருக்கும். வேறு எங்கே வைத்தாலும் தகடு உள்ளே போகும்.

சென்னை மாதிரிக் கடலோரக் காற்றில் ஓடிய பழைய வண்டியில் அந்த மடிப்புக்குள் தண்ணீர் தேங்கி உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும். விற்பதற்கு முன் கருப்பு பெயின்ட் தடவி மறைக்கும் ஆட்களும் உண்டு. ஸ்க்ரூ டிரைவர் பின்பக்கத்தால் தட்டிப் பாருங்கள். டங் என்று கெட்டியாகக் கேட்டால் நல்லது. பொத் என்று செத்த சத்தம் வந்தால் அந்த இடத்தில் ஜாக்கி வைக்கக் கூடாது. நுனியால் குத்தினால் உள்ளே போய்விடும்.

பயப்பட வேண்டாம். அழுகிய தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யலாம். ஆனால் அதுவரை அந்தப் பக்கம் தூக்க வேண்டியிருந்தால் வேறு பலமான இடத்தை ஒரு மெக்கானிக் காட்டித்தான் தூக்க வேண்டும். வண்டிக்கு அடியில் எதற்காகவும் கை நீட்டாதீர்கள். கழற்றிய வீலை உடனே மடிப்புக்குக் கீழே படுக்க வைத்துவிட்டால், ஜாக்கி நழுவினாலும் வண்டி அதன் மேல் உட்காரும், தரைக்குப் போகாது. கொஞ்சம் உயிர் தப்பும் இடைவெளி கிடைக்கும்.

*

சொல்லாராய்ச்சி
செவ்வாய், காலை 10.20

நடுவில் ஒரு செய்தி, இழைக்குத் தொடர்புடையதுதான். ஸ்டெப்னி என்பதை நாம் தமிழ்ச் சொல் போலவே புழங்குகிறோம், இங்கிலாந்துக்காரரிடம் சொன்னால் விழிப்பார். அது ஓர் ஊர்த் தெருவின் பெயர். வேல்ஸில் லனெல்லி என்ற ஊரில் டேவீஸ் சகோதரர்கள் 1904இல் ஓர் உதிரிச் சக்கரத்தைச் செய்தார்கள், அவர்கள் கடை இருந்த ஸ்டெப்னி தெருவின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அந்தக் காலக் காரில் உதிரிச் சக்கரமே கிடையாது, பஞ்சரானால் டயரைச் சாலையிலேயே பிரித்து ஒட்ட வேண்டும். இவர்கள் செய்தது ஆரக்கால் இல்லாத வெறும் ரிம்மும் டயரும், அதைப் பஞ்சரான சக்கரத்தோடு சேர்த்துக் கவ்வவைத்துவிட்டு ஓட்டலாம். அந்தக் கம்பெனி போய்விட்டது, பெயர் நம் நாட்டிலும் மால்டாவிலும் தங்கிவிட்டது. லாரிப் பட்டறையில் அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தெரு நினைவுக்கு வரும்.

*

மாமரத்து_நிழல்
செவ்வாய், காலை 11.05

நட்டில் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பூட்டினால் அடுத்த முறை சுலபமாகக் கழலுமே? என் மாமா எப்போதும் அப்படித்தான் செய்வார்.

*

டிப்போ_ஐயா
செவ்வாய், மதியம் 12.30

இதில் நான் உங்கள் மாமாவோடு ஒத்துப்போக மாட்டேன். கழற்றுவதற்கு முன் துரு நீக்கும் திரவம் அடிக்கலாம், பத்து நிமிடம் ஊறவிடலாம். பூட்டும்போது மரை காய்ந்திருக்க வேண்டும். எண்ணெய் இருந்தால் அதே கை பலத்துக்கு நட்டு இன்னும் அதிகம் உள்ளே போகும், நட்டு ஏறுகிற மரைக் கம்பி, அதாவது ஸ்டட், இழுபடும். பழைய ஸ்டட் இழுபட்டால் ஒரு நாள் ஓட்டத்தில் முறியும். அதோடு சாய்வாக இருக்கும் நட்டு முகத்தில் எண்ணெய் பட்டால் பிடிமானம் குறைந்து தளரவும் கூடும்.

கம்பி பிரஷ் வைத்து ஸ்டட் மரையைத் தேயுங்கள். துணியால் துடையுங்கள். நட்டு கையாலேயே கடைசி வரை சுற்றிப் போக வேண்டும், அதுதான் பரிசோதனை. கிரீஸ் வைக்க ஆசைப்பட்டால் ஒரே ஓர் இடம் இருக்கிறது. நடுவில் ஹப் வட்டமாக நீண்டிருக்கும், ரிம் அதன் மேல் உட்காரும். அந்த வட்டத்தில் விரல் நுனி அளவு கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுங்கள். வீல் ஒட்டிக்கொள்வது அங்கேதான். அதிகம் வைத்தால் சூட்டில் உருகிப் பிரேக்குக்குள் போகும், கவனம்.

ஒட்டிய வீலுக்கு இன்னொரு வழி. நட்டு நான்கையும் மீண்டும் கையால் போட்டு ஒரு சுற்றுத் தளர்வாக விட்டு, வண்டியை இறக்கி, இரண்டடி முன்னும் பின்னும் மெதுவாக உருட்டுங்கள். டக் என்று விடும். உதைப்பதைவிட இது பாதுகாப்பு.

பூட்டும்போது நட்டின் சாய்வான முகம் ரிம் பக்கம். ஒன்றைப் பூட்டினால் அடுத்து அதற்கு நேர் எதிரில் இருப்பது. பக்கத்தில் பக்கத்தில் பூட்டினால் வீல் கோணலாக உட்காரும். 50 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒரு முறை மீண்டும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். கொஞ்சம் நகரும், அது இயல்பு.

*

கோத்தகிரி_800
செவ்வாய், மதியம் 1.15

ஐயா, லாரியில் இடது பக்கம் மரை தலைகீழாக இருக்குமே, காரிலும் உண்டா?

*

டிப்போ_ஐயா
செவ்வாய், மதியம் 1.40

நான் பார்த்த பஸ்களில் இடது சக்கரத்துக்கு இடது மரை இருந்தது. பழைய ஆட்கள் அதைத் தெரியாமல் இழுத்து ஸ்டட்டை முறித்த கதை எல்லா டிப்போவிலும் உண்டு. சான்ட்ரோ, 800 மாதிரி சின்ன வண்டியில் நான்கு பக்கமும் ஒரே மரைதான். இடப்பக்கம் சுற்றினால் கழலும்.

*

ஏரிக்கரை_சான்ட்ரோ
அடுத்த ஞாயிறு, இரவு 8.15

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை ஆறு மணிக்கு எங்கள் தெருவிலேயே, சமதளத்தில், நான்கு வீலையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், என்னைப் போல பழைய வண்டி வாங்கிய வேறு யாருக்காவது பயன்படும்.

முதலில் ஹேண்ட் பிரேக். லீவரை 11 பல், அதாவது 11 டிக் சத்தம் வரை, இழுத்தால்தான் வண்டி நிற்கிறது. நாளை மெக்கானிக்கிடம் இறுக்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டு மர ஆப்பு தச்சர் 60 ரூபாய்க்கு அறுத்துக் கொடுத்தார்.

இடது முன் வீல் முதலில். ஸ்பேனரை இடப்பக்கம் நீட்டி, கூரையில் கை ஊன்றி, ஐயா சொன்ன மாதிரி குதிக்காமல் எடையைக் கொடுத்தேன். அசையவில்லை. குழாயை மாட்டினேன். கை இரண்டாலும் மேல்நோக்கி இழுக்காமல் கீழ்நோக்கி அழுத்தினேன், டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அந்த டிக்கைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. நெடுஞ்சாலையில் அன்று அந்தச் சத்தத்துக்காக எவ்வளவு ஏங்கினேன்!

மகன் வேலை நட்டுப் பாதுகாவலர். வீல் கப்பைக் கவிழ்த்துத் தட்டு மாதிரி பிடித்துக்கொண்டு நான்கையும் அதில் வாங்கினான். ஒவ்வொன்றையும் கம்பி பிரஷால் தேய்த்துக் கொடுத்தான். பிரஷ் போட்டதும் சிவந்த தூள் கொட்டி, உள்ளே வெள்ளி மாதிரி மரை தெரிந்தது. ஹப் வட்டத்தில் துரு செதில் செதிலாக இருந்தது, அதைச் சுரண்டி எடுத்துவிட்டு விரல் நுனி கிரீஸ் தடவினேன். முதல் வீலுக்கு 40 நிமிடம். நான்காவதுக்கு 15.

கதவு மடிப்பைத் தட்டிப் பார்த்தேன். மூன்று இடம் டங். வலது பின்பக்கம், அன்று ஜாக்கி வைத்த அதே இடம், பொத். ஸ்க்ரூ டிரைவர் நுனி உள்ளே போய்விட்டது. அதனால் அந்த வீலை மட்டும் எங்கள் மெக்கானிக் வந்து அவருடைய ஜாக்கியில் வேறு இடத்தில் தூக்கிக் கொடுத்தார், நான் கழற்றி மாட்டினேன். புதன்கிழமை டிங்கரிங்குக்கு விடுகிறேன்.

பிளாஸ்டிக் டேக் இனி இல்லை, வீல் கப்பையே கழற்றி வீட்டில் வைத்துவிட்டேன். புது ஸ்டெப்னி போட்டாயிற்று. டிக்கியில் இப்போது குழாய், ஆப்பு, ஓர் அடிச் சதுரப் பலகை, தலையில் மாட்டும் டார்ச், பழைய பாய், கையுறை, முக்கோணப் பிரதிபலிப்பான், அம்மாவுக்கு மடக்கு ஸ்டூல், குடை. அம்மா குடையைத் தானே தேர்ந்தெடுத்தார்.

ஒரே ஒரு கேள்வி. வலது பின் வீலில் ஒரு நட்டு கையால் பாதி வரைதான் போகிறது, அப்புறம் இறுகுகிறது. ஸ்பேனர் வைத்தால் போய்விடுகிறது. விடலாமா?

*

பஞ்சர்கடைப்_பையன்
அடுத்த ஞாயிறு, இரவு 8.32

விட வேண்டாம் அக்கா. அது குழாய் போட்டு இழுத்த அன்று மரை அடிபட்டிருக்கலாம், அதற்கு முன்பே யாராவது கோணலாகப் பூட்டியிருக்கலாம். ஸ்பேனரால் தள்ளினால் மீதி மரையும் போகும். முதலில் புது நட்டு ஒன்று வாங்கிக் கையால் போட்டுப் பாருங்கள். அது கடைசி வரை போனால் பழைய நட்டுதான் கெட்டது. புதுசும் நின்றால் ஸ்டட் கெட்டது. பின்பக்கமிருந்து தட்டி எடுத்துப் புதுசு மாட்ட வேண்டும், பிரேக் டிரம்மைக் கழற்றித்தான் செய்வார்கள். பெரிய செலவு வராது. அதுவரை அந்த வண்டியை ஊருக்குள் மட்டும் மெதுவாக ஓட்டுங்கள், நெடுஞ்சாலை வேண்டாம்.

*

டிப்போ_ஐயா
அடுத்த ஞாயிறு, இரவு 8.50

தம்பி சொன்னதுதான் சரி. டிரம்மைக் கழற்றும்போதே ஹேண்ட் பிரேக்கையும் சரிசெய்யச் சொல்லுங்கள் அம்மா, பின் பிரேக் ஷூ தேய்ந்திருந்தாலும் 11 பல் வரும். ஒரே வேலையில் இரண்டும் முடிந்துவிடும். நட்டு வாங்கப் போகும்போது பழைய நட்டைக் கையோடு கொண்டுபோங்கள். உங்கள் வண்டி நட்டுக்கு 21 மில்லிமீட்டர் ஸ்பேனர் சைஸ், மாருதிக்கு 19. மரையும் வேறு வேறு.

*

ஏரிக்கரை_சான்ட்ரோ
அடுத்த ஞாயிறு, இரவு 9.02

சரி ஐயா. நட்டைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் போட்டுவிட்டேன். காலையில் கடை திறந்ததும் போகிறேன்.